கிறிஸ்துமஸ் தாத்தாவும் மூன்று தலை நிழலும்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நல்ல படங்களைப் பற்றிப் பேச இந்த வானொலி நிலையத்துக்கு நிறையப் பேர் வருகிறார்கள். நான் மோசமான படங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வெறும் மோசம் இல்லை. கையில் காசு இல்லாமல், பண்டிகைக்குள் தியேட்டருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில், ராக்கெட், வேற்றுக்கிரகவாசி, ரோபோ என்று பெரிய ஆசையோடு எடுத்த மோசமான படங்கள். அமெரிக்காவில் கிறிஸ்துமஸை நம்பி இப்படி எடுத்த படங்கள் உண்டு. அவற்றின் முன்னால் உட்கார்ந்து, படம் ஓட ஓடவே கிண்டல் செய்து, அதையே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியாக நடத்திக் காட்டிய ஒரு கூட்டமும் அங்கே உண்டு. என் பேச்சு முக்கியமாக அந்தக் கூட்டத்தைப் பற்றியது.

எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் டப்பிங் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவன். திரையில் வெள்ளைக்காரர் வாயைத் திறந்தால் அதற்குள் தமிழை வைக்க வேண்டும். அவர் உதடு மூடுகிற இடத்தில் ப வேண்டும், ம வேண்டும். அவர் முடிக்கும்போது நானும் முடிக்க வேண்டும். பல வருஷம் இதையே செய்தால் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். எந்தப் படம் பார்த்தாலும் கதை கண்ணில் படாது. யாரும் பேசாத இடம்தான் கண்ணில் படும். இங்கே மூன்று வினாடி சும்மா இருக்கிறதே, இங்கே ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறாரே, இதில் ஒரு வசனம் போடலாமே என்று மனம் கணக்குப் போடும். இந்த இடைவெளிதான் இன்றைக்கு என் விஷயம். மறுபடி மறுபடி இதற்கே வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டூரிங் டாக்கீஸில் மண்தரையில் உட்கார்ந்து படம் பார்த்தவர்களுக்கு ஒரு மனிதரைத் தெரிந்திருக்கும். கூட்டத்தில் எங்கேயோ இருப்பார். கதாநாயகி தனியாக இருட்டுக்குள் நடந்து போனால், "டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டுப் போம்மா" என்று ஒரு குரல் வரும். கொட்டகையே சிரிக்கும். அவரைப் பார்த்துவிட்டு இன்னும் நாலு பேர் முயற்சி செய்வார்கள், ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். ஏன்? முதல் ஆள் படத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். மற்ற நாலு பேரும் அவரைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே வடக்கே, குளிர் பிரதேசத்தில், மினியாப்பொலிஸ் என்று ஒரு நகரம். 1988ஆம் வருஷம் அந்த ஊரில் கே.டி.எம்.ஏ. என்று ஒரு சின்ன தொலைக்காட்சி நிலையம் இருந்தது. 23ஆம் சேனல். பெரிய நிறுவனங்களின் பின்பலம் இல்லாத, காசுக்குத் திண்டாடுகிற நிலையம். அடுத்த வருஷமே திவால் நிலைக்குப் போய்விட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஜோயல் ஹாட்சன் என்று ஓர் இளைஞர் வந்தார். மேடையில் சின்னச் சின்னப் பொருள்களைச் செய்து கொண்டுவந்து வேடிக்கை காட்டும் நகைச்சுவைக்காரர். லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய் பெரிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலெல்லாம் தலை காட்டிவிட்டு, அந்த வாழ்க்கை பிடிக்காமல் ஊர் திரும்பி, டி-சர்ட் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். அந்த நிலையத்தில் ஜிம் மாலன் என்ற தயாரிப்பு மேலாளர் இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி தொடங்கினார்கள். அதன் பெயர் மிஸ்ட்ரி சயன்ஸ் தியேட்டர் 3000. முதல் ஒளிபரப்பு 1988 நவம்பர் 24. அன்றைக்கு அங்கே நன்றி அறிவிப்புத் திருநாள். ஆக, பிறந்ததே பண்டிகை நாளில்தான்.

நிகழ்ச்சியின் அமைப்பு மிக எளிது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே புரியும். ஒரு துப்புரவுத் தொழிலாளியை இரண்டு கிறுக்கு விஞ்ஞானிகள் விண்கலத்தில் வைத்து மேலே அனுப்பிவிடுகிறார்கள். அங்கே அவருக்குத் தண்டனை, மோசமான படங்களைப் பார்ப்பது. துணைக்கு யாரும் இல்லாததால் விண்கலத்தின் உதிரிப் பாகங்களை வைத்து ரோபோக்களைச் செய்துகொள்கிறார். குரோ என்று ஒன்று, டாம் சர்வோ என்று ஒன்று. உண்மையில் இவை வீட்டுச் சாமான்கள். சர்வோவின் தலை பொட்டிக்கடையில் இருக்கிற மாதிரி மிட்டாய் போடும் கண்ணாடிக் குடுவை. குரோவின் உடம்பில் பிளாஸ்டிக் டப்பாக்கள் இருக்கின்றன. படம் தொடங்கியதும் நமக்குத் தெரிவது அந்தப் படம்தான், முழுத்திரையில். கீழே ஓரத்தில் மட்டும் தியேட்டர் நாற்காலிகளின் கருப்பு நிழல், அதில் மூன்று தலைகள். ஒன்று மனிதத் தலை, இரண்டு ரோபோத் தலை. அந்த மூன்று நிழலும் படத்தைப் பார்த்துப் பேசும். நாம் அவர்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம். அவ்வளவுதான்.

இந்த அமைப்பில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? அவர்களால் எழுந்து போக முடியாது. நாம் பிடிக்காத படத்தைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்து திட்டுவோம். இவர்கள் கடைசிவரை இருக்க வேண்டும். கதை அப்படி என்பது மட்டும் இல்லை, தொழிலும் அப்படித்தான். ஒன்றரை மணி நேரப் படம் முழுவதற்கும் பேச்சு எழுத வேண்டுமே!

ஆரம்பத்தில் உள்ளூர்ச் சேனலில் வந்தபோது எழுதி வைத்துப் பேசவில்லை. பெரும்பாலும் உட்கார்ந்த இடத்தில் தோன்றியதைச் சொன்னார்கள். நிறைய இடங்களில் ஒருவரும் பேசாமலே படம் ஓடிக்கொண்டிருக்கும். 1989 இறுதியில் கேபிளுக்குப் போனபிறகுதான் எழுத ஆரம்பித்தார்கள். ஓர் அறையில் எல்லோரும் உட்காருவார்கள். படத்தைக் கொஞ்சம் ஓட்டுவார்கள், நிறுத்துவார்கள். ஆளுக்கு ஆள் மனதில் பட்டதைக் கத்துவார்கள். ஒருவர் எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொண்டே இருப்பார். அப்புறம் சலித்து, நல்லதை வைத்து, எந்த வினாடியில் யார் சொல்வது என்று கணக்குப் போட்டு, ஒத்திகை பார்த்து, பிறகுதான் படப்பிடிப்பு. அப்படித் தட்டச்சு செய்ய வந்தவர் மைக் நெல்சன். ஓட்டலில் பரிமாறும் வேலை பார்த்தவர், மேடையிலும் நகைச்சுவை பேசிக்கொண்டிருந்தவர். தட்டிக்கொண்டே அவரும் சொல்ல ஆரம்பித்தார். தலைமை எழுத்தாளர் ஆனார். 1993இல் ஜோயல் விலகியபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரும் அவர்தான்.

இந்த எழுத்து முறையைக் கேட்டபோது எனக்கு எங்கள் டப்பிங் வேலைதான் ஞாபகம் வந்தது. படத்தை ஓட்டு, நிறுத்து, இடைவெளியை அள, சொல்லைப் பொருத்து. ஒரே வித்தியாசம், நான் வாய் அசைகிற இடத்தில் எழுதுகிறேன். அவர்கள் வாய் மூடுகிற இடத்தில் எழுதினார்கள். படத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவர்கள் பெரும்பாலும் குறுக்கே விழ மாட்டார்கள். கதை நமக்குப் புரிந்தால்தானே கிண்டலும் புரியும்? வசனம் முடியட்டும், அடுத்த வசனம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்னச் சந்து இருக்கிறதே, அதில் புகுந்து வெளியே வந்துவிடுவார்கள்.

இப்போது மோசமான படத்துக்கு வருவோம். மோசத்திலும் இரண்டு ஜாதி இருக்கிறது. கோடி கோடியாகக் கொட்டி எடுத்த மோசமான படம் ஒன்று. அதில் இடைவெளியே இருக்காது. வெடி, இசை, வெட்டு, மறுபடி வெடி. நீங்கள் கிண்டல் செய்ய வாயைத் திறப்பதற்குள் மூன்று கார் பறந்துவிடும். இன்னொன்று, ஏழைப் படம். அதில் ஒருவர் கதவைத் திறந்து, உள்ளே வந்து, கதவைச் சாத்தி, அறையைக் கடந்து, நாற்காலியை இழுத்து உட்காருகிற வரைக்கும் கேமரா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏனென்றால் படத்தின் நீளம் போதவில்லை. தியேட்டருக்கு எண்பது நிமிடம் கொடுத்தாக வேண்டும், கையில் இருப்பதோ ஐம்பது நிமிடக் கதை. மீதியை நடையால் நிரப்புகிறார்கள். அந்த நடைதான் கிண்டல்காரர்களுக்கு விளைநிலம்.

சாண்டா கிளாஸ் கான்கர்ஸ் த மார்ஷியன்ஸ் என்று ஒரு படம். 1964 நவம்பரில் வந்தது. கிறிஸ்துமஸ் தாத்தா செவ்வாய்க்கிரகவாசிகளை வெல்கிறார் என்பது கதை. நியூயார்க்குக்குப் பக்கத்தில் லாங் ஐலண்டில், பழைய விமானக் கொட்டகை ஒன்றை ஸ்டூடியோவாக மாற்றியிருந்தார்கள், அங்கே எடுத்தார்கள். நிகோலஸ் வெப்ஸ்டர் இயக்கினார். இவர் சாதாரண ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொலைக்காட்சிக்கு மதிப்பான ஆவணப்படங்கள் எடுத்தவர். அதற்கு முந்தைய வருஷம்தான் ஆசி டேவிஸ் என்ற பெரிய கறுப்பின நாடகக் கலைஞரின் நாடகத்தைப் படமாக்கியிருந்தார். அப்படிப்பட்டவர் அடுத்து முகத்தில் பச்சைச் சாயம் பூசிய ஆள்களை வைத்துப் படம் எடுக்கிறார். சினிமாத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

கதை கேளுங்கள். செவ்வாயில் குழந்தைகள் சாப்பிட மறுக்கிறார்கள், தூங்க மறுக்கிறார்கள். எந்நேரமும் பூமியின் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தலைவர் கிமார் கவலைப்பட்டு, காட்டில் இருக்கும் எண்ணூறு வயதுக் கிழவர் ஒருவரிடம் போய்க் கேட்கிறார். கிழவர் சொல்கிறார்: நம் குழந்தைகளுக்கு இயந்திரம் மூலமாக மூளைக்குள் அறிவை ஏற்றிவிடுகிறோம். பிறந்ததும் பெரியவர்கள் ஆகிவிடுகிறார்கள். அவர்கள் விளையாடியதே இல்லை. இங்கே ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா வேண்டும். உடனே கிமார் ஆள்களோடு பூமிக்குக் கிளம்பித் தாத்தாவைக் கடத்திக்கொண்டு வருகிறார்.

இதை நான் சொல்லும்போது நீங்கள் சிரிக்கவில்லை, எனக்குத் தெரியும். வீட்டில் போனைப் பிடுங்கினால் அழுகிற பிள்ளை இருக்கிறதே! 1964இல் ஒருவர் இதை யோசித்திருக்கிறார். சாப்பாடுகூட மாத்திரைதான் அந்தக் கிரகத்தில். இந்தக் கதையை வேறு கை எடுத்திருந்தால் இன்றைக்குப் பாடத்தில் வைத்திருப்பார்கள் என்றுகூட எனக்குத் தோன்றும். கதைக்குப் பஞ்சம் இல்லை, கைக்குத்தான் பஞ்சம். செவ்வாய்க்காரர்களின் துப்பாக்கி, கடையில் விற்ற காற்றுத் துப்பாக்கி பொம்மை. அவர்களுடைய பயங்கர ரோபோ டார்க், ஓர் ஆள் மேல் மாட்டிய பெட்டி. வடதுருவத்தில் குழந்தைகளைத் துரத்துகிற பனிக்கரடி, கரடித்தோல் போட்ட மனிதர். படத்தின் தொடக்கத்தில் பெயர் போடுகிறார்களே, அதில் உடை வடிவமைப்பு என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள். திருத்தவில்லை. திருத்த இன்னொரு அட்டை எழுத வேண்டும், மறுபடி படம் பிடிக்க வேண்டும்.

இந்தக் கரடியைக் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் என் இடைவெளி விஷயம் முழுக்க அதில் இருக்கிறது. தாத்தாவைத் தேடி வந்த செவ்வாய்க்காரர்கள் பூமியில் பிடித்துக்கொண்டு போன இரண்டு குழந்தைகள், பில்லி என்ற பையன், பெட்டி என்ற சிறுமி. விண்கலத்திலிருந்து தப்பி வடதுருவப் பனியில் ஓடி ஒரு குகைக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். கரடி வருகிறது. கரடியாக நடிப்பவருக்கு உள்ளேயிருந்து கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, தயங்கித் தயங்கி வருகிறார். குழந்தைகள் பயப்படுகிறார்கள். கரடி குகைக்குள் தலையை நீட்டுகிறது. இந்த நேரம் முழுக்க வசனம் கிட்டத்தட்டக் கிடையாது. இப்போது நேயர்களே, நீங்கள் அந்த நாற்காலி நிழலில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் என் தொழில் புத்தியில் எழுதிப் பார்க்கிறேன். கரடி குகை வாசலில் நிற்கிறது. "தம்பி, உள்ளே ஃபேன் இருக்கா?" இது கரடியின் குரல். இதைக் கரடி வந்தவுடனே சொன்னால் சிரிப்பு வராது. நீங்கள் முதலில் கரடியை நம்ப முயற்சி செய்ய வேண்டும். முடியாமல் போக வேண்டும். உள்ளே ஒரு மனிதர் வேர்த்துக்கொண்டிருக்கிறார் என்று உங்கள் மனதில் லேசாகத் தட்ட வேண்டும். அந்த நொடியில் சொல்ல வேண்டும். ஒரு வினாடி முந்தினால் அதிகப்பிரசங்கி, ஒரு வினாடி பிந்தினால் கரடி போய்விடும்.

என்னிடம் தொழில் கற்க வருகிற பையன்களுக்கு நான் இந்தப் படத்தைத்தான் போட்டுக் காட்டுகிறேன். முதலில் படத்தை மட்டும் தனியாக. கொட்டாவி விடுவார்கள், பாவம். அப்புறம் நிழல்கள் பேசுகிற வடிவம். அந்த நிகழ்ச்சி இந்தப் படத்தை 1991 டிசம்பர் 21 அன்று ஒளிபரப்பியது. பையன்களுக்கு ஆங்கிலம் முழுக்கப் புரியாது. அமெரிக்க நடிகர் பெயர், அமெரிக்க விளம்பரம், அமெரிக்க அரசியல் என்று கிண்டலில் பாதி நமக்கு எட்டாது. எட்டவும் வேண்டாம். சத்தத்தைக் கேளுங்கடா, எங்கே பேசுகிறார்கள், எங்கே பேசாமல் விடுகிறார்கள், அதை மட்டும் பாருங்கள் என்பேன். பையன்கள் சிரிப்பார்கள். புரியாத மொழியில் சொன்ன கிண்டலுக்குச் சிரிப்பது எப்படி என்று எனக்கு இன்றுவரை வியப்பு. அது அந்தத் தாளத்துக்கு வருகிற சிரிப்பு. கரடி இடத்தில் எப்போதும் சிரிப்பார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தம்பியும் சிரிக்கிறார். நான் தண்ணீர் குடிக்க நிறுத்தினால் மட்டும் உடனே எட்டிப் பார்க்கிறார். வானொலிக்காரர்களுக்கு இடைவெளி என்றால் பயம்.

அதே படத்தில் இன்னோர் இடம். விண்கலம் வருகிறது என்று அமெரிக்க ராணுவத்துக்குத் தெரிந்துவிடுகிறது. உடனே விமானங்கள் கிளம்புகின்றன. எந்த விமானம்? உண்மையான விமானப்படை விமானங்கள். ராணுவம் எடுத்து வைத்திருந்த பழைய படச் சுருளை வாங்கி வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஓடுபாதை, கிளம்புகிற விமானம், வானத்தில் எரிபொருள் நிரப்புகிற விமானம். கதையில் ஒரு வரி இது. திரையில் நீண்டுகொண்டே போகும், ஏனென்றால் இது இனாமாகவோ மலிவாகவோ கிடைத்த காட்சி, எவ்வளவு போட்டாலும் லாபம். அதற்கு நேர்மாறாக, வில்லன் வோல்டார் தாத்தாவையும் குழந்தைகளையும் காற்றில்லாத அறைக்குள் பூட்டி விண்வெளியில் தள்ளப் பார்க்கிற காட்சி. படத்தின் உச்சகட்ட ஆபத்து. அவர்கள் எப்படித் தப்பினார்கள்? காட்டவில்லை! காற்றுக்குழாய் வழியாக வந்துவிட்டார், புகைபோக்கியில் இறங்கிப் பழகியவர் ஆயிற்றே என்று பேச்சிலேயே முடித்துவிடுகிறார்கள். காட்டினால் செலவு. ஏழைப் படத்தில் வேண்டாததெல்லாம் விரிவாக இருக்கும், வேண்டியதெல்லாம் வாய்வார்த்தையாக இருக்கும்.

தாத்தாவாக நடித்த ஜான் கால் பற்றி ஒரு வார்த்தை. நாடக மேடைக்காரர். படத்திலேயே தான் ஒரு நல்ல படத்தில் இருப்பதாக நம்பி நடிப்பவர் அவர் ஒருவர்தான் என்பது என் அபிப்பிராயம். அவர் சிரிக்கும்போது நமக்கும் சிரிப்பு வரும். செவ்வாய்ச் சிறுமியாக வருகிற குழந்தை பியா சடோரா. வளர்ந்து நடிகையான பிறகு ஒரே படத்துக்காகக் கோல்டன் குளோப் பரிசும் வாங்கினார், அந்த ஆண்டின் மிக மோசமான நடிகை என்ற கேலிப் பரிசும் வாங்கினார். அது தனிக் கதை, விடுங்கள்.

ஏன் பண்டிகைப் படங்களாகவே இதில் மாட்டுகின்றன? இதற்கு ஒரு வியாபாரக் காரணம் உண்டு. அன்றைக்கு அங்கே சனி, ஞாயிறு பகல் காட்சி என்று குழந்தைகளுக்காகத் தனியாகப் போடுவார்கள். அப்பா அம்மா பண்டிகைச் சாமான் வாங்கப் போக வேண்டும், பிள்ளைகளைத் தியேட்டரில் விட்டுவிட்டுப் போவார்கள். படம் நன்றாக இருந்தாலும் மோசமாக இருந்தாலும் டிக்கெட் விற்கும். விமர்சனம் வருவதற்குள் அந்த வாரம் முடிந்துவிடும். அப்புறம் அடுத்த வருஷம் டிசம்பர் வரும், அதே பெட்டியை மறுபடி எடுத்துத் தூசி தட்டுவார்கள். சாதாரண மோசமான படம் ஒரே வருஷத்தில் செத்துவிடும். பண்டிகைப் படத்துக்கு வருஷா வருஷம் உயிர் வரும். நான் சொன்ன செவ்வாய்ப் படத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. அதன் காப்புரிமையை யாரும் சரியாகப் பாதுகாக்கவில்லை, படம் பொதுச்சொத்து ஆகிவிட்டது. எந்தச் சேனலும் போடலாம், எவரும் கிண்டல் செய்யலாம். பின்னால் வந்த கிண்டல் குழுக்களும் இதே படத்தை மறுபடி மறுபடி எடுத்தது அதனால்தான்.

இந்தப் பகல் காட்சி வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தவர் கே. கார்டன் மர்ரி. ஃபுளோரிடாக்காரர். இவரைப் பற்றிச் சொல்லாமல் நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன், ஏனென்றால் இவர் எங்கள் ஜாதி, டப்பிங் ஜாதி. மெக்சிகோ நாட்டில் எடுத்த படங்களை மலிவாக வாங்கி, ஆங்கிலம் பேச வைத்து, அமெரிக்கக் குழந்தைகளிடம் விற்பார். அப்படி வாங்கியதில் ஒன்று சாண்டா கிளாஸ் என்ற படம். 1959இல் மெக்சிகோவில் ரெனே கார்டோனா எடுத்தது. இதில் கிறிஸ்துமஸ் தாத்தா வடதுருவத்தில் இல்லை. விண்வெளியில், மேகத்துக்கு மேலே ஒரு கோட்டையில் இருக்கிறார். பூமியை வேவு பார்க்க அவரிடம் கண் வைத்த தொலைநோக்கி இருக்கிறது, காது வைத்த கருவி இருக்கிறது. மான்கள் சாவி கொடுத்தால் ஓடுகிற இயந்திர மான்கள். அவை சிரிக்கும். கேட்டவர்களுக்கு இரவு தூக்கம் வராது. உதவிக்கு மெர்லின் என்ற பழைய காலத்து மந்திரவாதி. எதிரியாக நரகத்திலிருந்து சிவப்பு உடையில் ஒரு குட்டிப் பிசாசு, பிட்ச் என்று பெயர். நான் ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை. எல்லாம் ஒரே படத்தில் இருக்கிறது.

ஆங்கில வடிவத்தில் ஒரு கதைசொல்லிக் குரல் வரும். அந்தக் குரல் ஓயவே ஓயாது. திரையில் சிறுமி அழுகிறாள். குரல் சொல்லும், சிறுமி அழுகிறாள். பிசாசு சுவர்ப்பக்கம் ஒளிகிறது. குரல் சொல்லும், பிசாசு ஒளிகிறது. எனக்கு இது நன்றாகப் புரிகிறது. டப்பிங் செய்கிறவனுக்கு வெற்றிடத்தைக் கண்டால் கை அரிக்கும். வாய் அசைவு இல்லாத குரல் என்றால் உதட்டுக் கணக்கு வேண்டாம், என்ன வேண்டுமானாலும் போடலாம். மர்ரி அதைப் போட்டுத் தள்ளிவிட்டார். நிழல் நிகழ்ச்சி இந்தப் படத்தை 1993 டிசம்பர் 24இல் எடுத்தபோது அவர்களுக்குச் சிக்கல். இடைவெளியெல்லாம் ஏற்கெனவே குரல்காரர் பிடித்துவிட்டார்! அதனால் அந்தக் குரலையே படத்தில் ஒரு பாத்திரமாக வைத்துக்கொண்டு அதனுடன் வாதம் செய்கிற வேலை நிறைய வந்துவிடுகிறது. ஆரம்பத்தில் ஒரு காட்சி, தாத்தா ஆர்கன் வாசிக்கிறார், ஒவ்வொரு நாட்டுக் குழந்தைகளும் முறை வைத்துப் பாடுகிறார்கள். ஒரு நாடு, அடுத்த நாடு, அடுத்த நாடு. உலகத்தில் இத்தனை நாடுகளா என்று நமக்கே அலுத்துவிடும். அங்கே பாருங்கள், நிழல்களின் குரலிலும் அலுப்பு ஏறிக்கொண்டே போகும். தங்களுடைய அலுப்பையே சிரிப்பாக மாற்றிவிடுவார்கள். என்னைக் கேட்டால் செவ்வாய்ப் படத்தைவிட இந்த அத்தியாயம்தான் கஷ்டமான வேலை, நல்ல வேலை. மற்றவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்படிக் கிண்டல் செய்வது நியாயமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. உழைத்து எடுத்தவர்கள் மனம் புண்படாதா? புண்படும். நான் வசனம் எழுதிய படத்துக்கு யாராவது இப்படிச் செய்தால் எனக்கும் புண்படும். ஆனால் ஒன்று. அந்த எழுத்தாளர்கள் ஒவ்வொரு படத்தையும் நிறுத்தி நிறுத்திப் பல தடவை பார்த்தார்கள். அந்தக் குழுவில் ஃபிராங்க் கானிஃப் என்று ஒருவர். கிறுக்கு விஞ்ஞானியின் கையாளாகத் திரையில் வருவார். திரைக்குப் பின்னால் அவர் வேலை, பெட்டி பெட்டியாக வந்த மோசமான படங்களைப் பார்த்து எது தேறும் என்று பொறுக்குவது. தேறாதது எவ்வளவு பார்த்திருப்பார்! இந்தப் படங்களை எடுத்தவர்களே இத்தனை கவனமாகப் பார்த்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். பார்த்திருந்தால் அந்த எழுத்துப்பிழை நின்றிருக்காது.

இந்த நிகழ்ச்சிக்கு 1993இல் பீபாடி விருது கொடுத்தார்கள். அமெரிக்காவில் வானொலி, தொலைக்காட்சிக்கு அது பெரிய மரியாதை. மிட்டாய்க் குடுவைத் தலை பொம்மைக்கு! நேயர்கள் பதிவு செய்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளுங்கள் என்று நிகழ்ச்சி முடிவில் பெயர் ஓடும்போதே போட்டார்கள். எந்தச் சேனல் இப்படிச் சொல்லும்? கேபிள் வராத ஊர்களுக்கும் கேஸட் போய்ச் சேர்ந்தது. 1999இல் நிகழ்ச்சி நின்றது. 2015இல் ஜோயல் மறுபடி நடத்த வேண்டும் என்று பொதுமக்களிடம் இணையத்தில் பணம் கேட்டார். 57 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2017இல் நெட்ஃபிளிக்ஸில் புது ஆள்களோடு வந்தது. அதிலும் ஒரு கிறிஸ்துமஸ் படம் உண்டு.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். நான் முக்கியமாக வைத்திருந்தது இன்னும் இரண்டு இருக்கிறது, ஓட்டமாகச் சொல்கிறேன். ஒன்று, ஸ்டார் வார்ஸ் வரிசையில் வந்த பண்டிகைச் சிறப்பு நிகழ்ச்சி. 1978 நவம்பர் 17, சி.பி.எஸ். தொலைக்காட்சி. இது ஏழைப் படம் இல்லை, பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் ஆரம்பத்திலேயே உடம்பெல்லாம் ரோமம் மூடிய வேற்றுக்கிரகக் குடும்பம் ஒன்று வீட்டுக்குள் உறுமிக்கொண்டே நடமாடும், பல நிமிடங்களுக்கு மனிதப் பேச்சே இல்லை, கீழே எழுத்தும் இல்லை. இத்தனை பெரிய இடைவெளியை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை ஒளிபரப்பி மூட்டை கட்டிவிட்டார்கள். நேயர்கள் பதிவு செய்து வைத்திருந்த நாடாக்களால்தான் அது பிழைத்தது.

இரண்டாவது, மைக் நெல்சனும் பழைய தோழர்கள் கெவின் மர்ஃபி, பில் கார்பெட்டும் 2006க்குப் பிறகு ரிஃப்டிராக்ஸ் என்ற பெயரில் செய்தது. அந்தப் பண்டிகை நிகழ்ச்சியையும் அவர்கள் விடவில்லை. பெரிய படங்களுக்கு உரிமை வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் கிண்டலை மட்டும் ஒலியாகப் பதிவு செய்து விற்றார்கள். படத்தை நீங்கள் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும், ஒலியைப் பக்கத்தில் ஓட்டிக்கொள்ள வேண்டும், இரண்டையும் ஒரே வினாடியில் தொடங்க வேண்டும். எப்படி ஒத்திசைப்பது என்பதற்கு அவர்கள் ஒரு அழகான வழி வைத்திருக்கிறார்கள், படத்தில் வருகிற வசனத்தையே நடுநடுவே ஒரு ரோபோக் குரல் சொல்லும், நாம் அதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். டப்பிங்காரனாக எனக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது, தம்பி கையை உயர்த்திவிட்டார்.

செவ்வாய்ப் படம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். நாலு பேரைக் கூட்டி வைத்துப் பாருங்கள். வணக்கம்.